நாற்பது நாள் காவலும் ஒரு துண்டுச் சீட்டும்

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, சோழர் கடற்படையைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். ஆயின் அதனை எழுதக் கற்றறிந்த பெருமக்கள் பலர் உளர். நாமோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடுகளோடும் சீட்டுகளோடும் காலங்கழித்து வருகிறோம். ஆகவே, பிரயாணத்தைப் பற்றியும் சீட்டைப் பற்றியும் எழுதுவதே நமக்குத் தகும். அதற்கான காரணம் நம் காலனியிலேயே இருக்கிறது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில், நம் குடியிருப்பில் ஓய்வுபெற்று வாழ்ந்த பெரியவர் ஒருவர் கொரோனா நோயால் காலமானதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய ஒரே மகன் அயல்நாடொன்றில் பணிபுரிபவர். தந்தைக்குக் கொள்ளிவைக்க அவர் வரவில்லை. வந்தால் திரும்பிச் செல்லும்போது அந்நாட்டு ஹோட்டல் ஒன்றில் தம் சொந்தச் செலவில் பல நாள் காவலிருக்க வேண்டும், வேலையும் போய்விடலாம். தம்பி முறையான ஒருவர் கொள்ளிவைக்க, மகன் கைப்பேசித் திரையில் அதனைக் கண்டார். "பெற்ற பிள்ளை வரவில்லையே" என்று அன்று பேசியவர்களுள் நாமும் ஒருவர். அப்பேச்சுக்காக இன்று வெட்கப்படுகிறோம். அவரைத் தடுத்து நிறுத்திய விதி எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னரே தேடிப் படித்தோம். படித்தவற்றை ஈண்டுத் தருகிறோம்.

நாற்பது நாள்

இன்று குரோஷியா நாட்டில் துப்ரோவ்னிக் என வழங்கும் நகருக்கு முற்காலத்தில் ரகூசா என்று பெயர். வாணிகத்தால் வாழ்ந்த துறைமுகம் அது. பிளேக் நோய் ஐரோப்பாவை வாட்டிய காலத்தில், 1377ஆம் ஆண்டு, அந்நகரத்தார் ஒரு சட்டம் செய்தனர். நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் நகருக்கு வெளியே குறித்த இடத்தில் முப்பது நாள் தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்பது அச்சட்டம். நகர வாயிலை அடியோடு சாத்திவிட்டால் வாணிகம் அழியும். திறந்துவிட்டால் மக்கள் அழிவர். இவ்விரண்டுக்கும் நடுவே கண்ட வழி இது. பின்னர் முப்பது நாற்பதாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதுக்குக் 'குவாரன்டா' என்று பெயர். 'குவாரண்டைன்' என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே. வெனிஸ் நகரத்தார் 1423ஆம் ஆண்டில் இதற்கெனத் தீவொன்றில் நிலையான மருத்துவமனையே அமைத்தனர்.

கிருமி என்பதை அவர்கள் அறியார். அறிந்ததெல்லாம் நாள் கணக்கு ஒன்றே. நோய் உள்ளவன் அந்நாட்களில் வெளிப்படுவான். இல்லாதவன் நலமாக வெளியே வருவான். இந்த அளவில் அது நேர்மையான விதி என்றே சொல்ல வேண்டும்.

புகைவண்டி நிலையத்தில் பிளேக்

நம் நாட்டுக்கு வருவோம். 1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாய் மாண்டவிப் பகுதியில் டாக்டர் அகாசியோ வீகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். அச்சம் கொண்ட மக்கள் புகைவண்டி ஏறி ஊர் ஊராகச் சென்றனர். நோயும் உடன் சென்றது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டில் மாநில அரசுகள் எடுத்துப் பயன்படுத்தியதும் அதே பழைய சட்டந்தான்.

அச்சட்டத்தின் பேரால் நிலையங்களில் சோதனை தொடங்கிற்று. மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளை மேடையில் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். மேல் வகுப்பினரைப் பெட்டியிலேயே பார்த்துச் சென்றார்கள். ஐயம் உண்டானவர் முகாமில் அடைக்கப்பட்டனர். சென்னை மாகாணத்திலோ, நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோருக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' என ஒரு சீட்டு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் சென்ற ஊரில் குறித்த நாட்கள் வரை அதிகாரிமுன் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். பிளேக் கிருமி மூன்றாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று பார்த்து ஏறுவதில்லை. விதியோ பார்த்தது. வீடு புகுந்து சோதித்த முறைகளால் மக்கள் உள்ளம் புண்பட்டது. 1897 ஜூன் 22ஆம் நாள் புனே நகரில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டதைச் சரித்திரம் படித்தோர் அறிவர்.

அதே 1897ஆம் ஆண்டு சனவரியில், பம்பாயில் டாக்டர் ஹாஃப்கின் தாம் கண்ட பிளேக் தடுப்பு மருந்தை முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டு சோதித்தார். பின்னர் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சான்றுச் சீட்டு வழங்கப்பட்டது. அச்சீட்டு உள்ளவர்களுக்குப் பிளேக் கட்டுப்பாடுகள் சிலவற்றிலிருந்து விலக்கும் கிடைத்தது. ஊசிச் சீட்டு ஒருவரைக் காவலிலிருந்து விடுவிக்கும் என்னும் எண்ணம் நம் நாட்டில் அன்றே வேர்விட்டது என்க.

மண்டபம் முகாம்

இராமேசுவரம் செல்லும் அன்பர்கள் பாம்பன் பாலத்துக்குச் சற்று முன்னர் 'மண்டபம் முகாம்' என்றொரு நிலையத்தைக் கண்டிருப்பீர்கள். ஊர்ப்பெயரோடு முகாம் என்னும் சொல் ஏன் ஒட்டிக்கொண்டது?

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் இலங்கைத் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடலாயிற்று. தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்கள் பல்லாயிரவர் இவ்வழியே சென்றனர். அவர்களோடு அம்மையும் காலராவும் கடல் தாண்டாதிருக்க, இலங்கை அரசே நம் மண்ணில் மண்டபத்தில் முகாம் அமைத்து நடத்தியது. கூலிகளாகச் செல்வோர் ஏறக்குறைய ஒரு வாரம் அங்கே தங்க வேண்டும். அவர்களுக்கு அம்மை குத்தினார்கள். துணிகளை ஆவியில் வைத்துத் தூய்மை செய்தார்கள். அதன் பின்னரே கப்பலேற விட்டார்கள். உண்டியும் உறையுளும் தந்து காத்தமையின் முகாமால் நன்மை இல்லையென்று சொல்லோம். ஆயினும் தம் நாட்டை விட்டுப் புறப்படுமுன்னரே அயலரசின் காவலில் இருந்த முதல் நாட்களை அம்மக்கள் எவ்வாறு கழித்திருப்பர்! 1980களில் இலங்கையினின்று அகதிகளாய் வந்த தமிழர் தங்கியதும் அதே மண்டபத்தில்தான் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நாடுகள் செய்த உடன்பாடு

ஒவ்வொரு துறைமுகமும் தன் மனம்போல் நாள் குறித்தால் உலக வாணிகம் என்னாவது? 1851ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பன்னிரண்டு நாடுகள் கூடின. நாட்டுக்கு ஒரு வைத்தியரும் ஓர் அரசுத் தூதரும் வந்தனர். மாதக்கணக்காகப் பேசியும் காலராவின் காரணத்தைப் பற்றியே ஒத்த கருத்து உண்டாகவில்லை. 1892இல் வெனிஸ் நகரில் கூடிய ஏழாவது மாநாட்டில்தான், சூயஸ் கால்வாய் வழிச் செல்லும் கப்பல்களைப் பற்றி முதல் உடன்பாடு கிட்டியது. நாற்பத்தோராண்டு உழைப்பு அது.

1951ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சர்வதேச சுகாதார விதிகளை நிறைவேற்றியது. அவை 1952 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய நம் முன்னோர், பாஸ்போர்ட்டோடு தடுப்பூசிப் புத்தகம் ஒன்றையும் மடியில் கட்டிக்கொண்டு சென்றது இவ்விதிகளின்படியே. சென்னையில் போட்ட முத்திரையைப் பினாங்கிலும் ஒப்புக்கொண்டார்கள்.

இதனை நம் தொழில் உவமையால் விளக்குவோம். விடுதலைக்கு முன் புகைவண்டிப் பாதைகள் தனித்தனிக் கம்பெனிகளிடம் இருந்தன. ஆயினும் ஒரு கம்பெனியின் நிலையத்தில் வாங்கிய நேர்ச்சீட்டு வேறொரு கம்பெனியின் பாதையிலும் செல்லுபடியாகும். பணத்தைக் கம்பெனிகள் பின்னர்க் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும். பிரயாணியை நடுவழியில் இறக்கி, "உன் சீட்டை அச்சிட்டவர் யார்?" என்று எவரும் கேட்பதில்லை. தடுப்பூசிச் சான்றும் அத்தகைய நேர்ச்சீட்டே.

பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டபின் அச்சீட்டு வேண்டாததாயிற்று. மஞ்சள் காய்ச்சல் சீட்டு இன்றும் உண்டு. அந்நோயைப் பரப்பவல்ல கொசு நம் நாட்டில் உள்ளது, நோய் இல்லை. ஆகவே அந்நோயுள்ள நாடுகளிலிருந்து சீட்டின்றி வருவோரை நாமும் ஆறு நாள் வரை ஒதுக்கிவைக்கிறோம். காவல் என்பது பிறர் மட்டுமே செய்த குற்றம் என்று எண்ணலாகாது என்பதற்காக இதனைச் சொன்னோம்.

ஹோட்டல் காவல்

கொரோனா வந்தபோது உலகிடம் நேர்ச்சீட்டு இல்லை. பழைய நாள் கணக்கே மீண்டது. 2020 மார்ச் இறுதியில் ஆஸ்திரேலியா, வருவோரை ஹோட்டல்களில் பதினான்கு நாள் வைத்தது. அதனால் பெரும்பயன் விளைந்தது உண்மை. மெல்போர்ன் நகர ஹோட்டல்களிலிருந்தே நோய் கசிந்து ஊரெங்கும் பரவியதும் உண்மை. ஹாங்காங்கில் 2020 டிசம்பர் முதல் இருபத்தொரு நாள் என்றாயிற்று. நம் நாட்டில் 2020 மே மாதம் சிறப்பு விமானங்களில் திரும்பியோர் தம் செலவில் காவலிருந்தனர். அதே மாதம் நம் தொழிலாளர் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பியோர் பலர் பள்ளிக்கூடத் தரையில் நாள் எண்ணினர். முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் மறையவில்லை.

இங்கிலாந்தில் 2021 பிப்ரவரி 15 முதல் சிவப்புப் பட்டியல் நாடுகளிலிருந்து வருவோர்க்கு ஹோட்டல் காவல் விதிக்கப்பட்டது. ஓராளுக்குக் கட்டணம் 1,750 பவுன். ஆகஸ்டில் அது 2,285 ஆயிற்று. ஏப்ரல் 23 முதல் ஆகஸ்டு 8 வரை இந்தியா அப்பட்டியலில் இருந்தது. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளோ, குடியேற வருவோர் நீங்கலாக, ஒதுக்கிவைக்கப்படும் பிரயாணியிடம் அதற்கெனக் கட்டணம் பெறலாகாது என்றே கூறுகின்றன. விதி ஏட்டில் இருந்தது. ரசீது பிரயாணியின் கையில் இருந்தது!

அடுத்து ஊசிச் சீட்டின் கதை. புனேயில் தயாரான கோவிஷீல்டு, ஆக்ஸ்போர்டு அஸ்ட்ராசெனகா ஊசியே. அங்கே செய்த ஊசிகள் இங்கிலாந்து மக்களுக்கும் போடப்பட்டன. அவ்வாறு போட்டுக்கொண்ட ஆங்கிலேயர் சிலரே 2021 ஜூலையில் மால்டா செல்ல விமானமேற இயலாமல் நின்றனர். மருந்து ஒன்று, பெயர் இரண்டு. பட்டியலில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து அறிவித்த புதிய விதிப்படி, இந்தியாவில் கோவிஷீல்டு இருமுறை போட்டவரும் ஊசி போடாதவராகவே கருதப்பட்டார். ஊசியில் குறையில்லை, சான்றிதழைப் பற்றியே கேள்வி என்று பின்னர் விளக்கம் வந்தது. நம் சான்றிதழில் வயது இருந்தது. முழுப் பிறந்த தேதி இல்லை. அயல்நாடு செல்வோர்க்கு அதனைச் சேர்க்கும் ஏற்பாடு அம்மாத இறுதியில் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 4 முதல் இங்கிலாந்தினின்று வரும் அந்நாட்டுக் குடிமக்களுக்கு நம் அரசும் பத்து நாள் காவல் விதித்தது. அக்டோபர் 11 முதல் அவர்கள் தங்கள் விதியைத் தளர்த்த, நாமும் தளர்த்தினோம். கோவாக்சினுக்கோ, 2021 நவம்பர் 3ஆம் நாள்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. சனவரி முதலே அவ்வூசியைப் போட்டுக்கொண்ட இலட்சோப இலட்சம் மக்கள், பல நாடுகளின் கண்ணுக்கு அதுவரை ஊசி போடாதவர்களே.

அம்மையாரின் சீட்டு

காலமான பெரியவரின் துணைவியார் போட்டுக்கொண்டது கோவாக்சின். அவர் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அன்று மருத்துவமனைக்கு வந்திருந்த ஊசி அது. தனித்துவிட்ட தாயைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள மகன் விழைந்தார். அந்நாடோ அவ்வூசியை ஏற்கவில்லை. சான்றிதழை அச்சிட்டுத் தந்து இந்நிலையை நாம் விளக்கியபோது அம்மையார் கேட்டார்: "ஊசி போட்ட கை ஒன்றுதானே தம்பி? ஊருக்கு ஊர் அது வேறு கையாகிவிடுமா?"

நம்மிடம் விடையில்லை. கணவரின் ஓய்வூதியப் புத்தகத்தோடு அச்சீட்டையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். 2022ஆம் ஆண்டு மார்ச்சில்தான் புறப்பட்டார். சென்று இறங்கியபின் தொலைபேசியில் சொன்னார்: விமான நிலையத்தில் அச்சீட்டை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்!

அந்த ஒரு கணத்துக்காகவே இத்தனை சரித்திரமும். கொள்ளைநோய்க் காலத்தில் காவல் வேண்டாமென்று அறிவுடையோர் சொல்லார். ரகூசா நகரத்தார் வகுத்த வழி இன்றும் உயிர்களைக் காக்கிறது. ஆனால் காவல், நோயின் நாட்களை எண்ண வேண்டுமேயன்றி, வந்தவனுடைய ஊரையும் வகுப்பையும் எண்ணலாகாது. ஊரைக் காக்க ஒருவனை அடைத்துவைத்தால் அவன் உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஊரே பொறுப்பேற்க வேண்டும். நேர்ச்சீட்டை நாடுகள் நோயில்லாத நாளிலேயே பேசி முடித்து வைத்திருக்க வேண்டும். நோய் வந்தபின் பேசத் தொடங்கினால், பேச்சு முடியும்வரை தாய் ஒரு கரையிலும் மகன் மறுகரையிலும் நிற்பர்.

நாமெல்லாரும் பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள். நம் மக்கள் நம்மினும் தொலைவு செல்கிறார்கள். இச்சரித்திரம் நம் வீட்டுச் சரித்திரம். அடுத்த முறை ஒரு மகன் வரவில்லையென்று கேள்விப்படும்போது, அவனை ஏசுமுன் அவனை மறித்து நின்ற விதி யாதென்று விசாரிப்போமாக.