முன்மொழிந்தவருக்கும் மந்திரி பதவி

1967 ஸ்ரீபெரும்புதூர் தேர்தலைச் சொல்கிறேன் என்று சென்ற வாரம் வாக்குக் கொடுத்தேன். போகிற வழியில் 1954-ல் கொஞ்சம் இறங்கிக்கொள்கிறேன்.

முதலமைச்சர் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம் கிளப்பிய ரகளை உங்களுக்குத் தெரிந்ததுதான். ராஜாஜி விலகினார். அடுத்த முதலமைச்சர் யார் என்பதில் அவர் மனம் சி.சுப்பிரமணியத்தின் பக்கம். சுப்பிரமணியத்தை முன்மொழிந்தவர் நம் நசரத்பேட்டை பக்தவத்சலம். சாதாரண ஆள் இல்லை. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டவர், 1937-லேயே சட்டமன்றம் புகுந்தவர், 1946-ல் அமைச்சர். எதிரே, கல்லூரி வாசலை மிதிக்காத காமராஜர்.

காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களின் வாக்குகளை எண்ணிப் பார்த்தார்கள். காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41.

இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு நகர மனம் வருவதில்லை. ஜெயித்தவர் எட்டே பேர் கொண்ட மந்திரிசபை அமைத்தார். அதில் தோற்றவருக்கும் இடம், அவரை முன்மொழிந்தவருக்கும் இடம்! பெருந்தன்மை என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கென்னவோ அது பழுத்த கணக்கு என்றே படுகிறது. வெளியே விட்டால் கோஷ்டி சேர்ப்பார்கள். உள்ளே உட்கார்த்தினால் கோப்பு பார்ப்பார்கள். பார்த்தார்கள். ஒன்பது வருஷம் பார்த்தார் பக்தவத்சலம். 1957, 1962 இரண்டிலும் ஸ்ரீபெரும்புதூர் அவரை ஜெயிக்க வைத்தது. கட்சிப் பணிக்காகக் காமராஜர் நாற்காலியை விட்டு எழுந்தபோது, 1963 அக்டோபர் 2 அன்று அதில் அமர்ந்தவரும் அவரே.

மேடைகள் பின்னால் வரைந்த வில்லன் அல்ல அவர். நிர்வாகி. ஆனால் 1965 ஜனவரியில் தெருவுக்கு வந்த மாணவர்களைக் கோப்பில் படிக்க முடியாது. இந்திக் கோபத்தைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் பார்த்தார், போலீஸ் சுட்டது. பின்னாலேயே அரிசிப் பஞ்சம். இதற்கு நான் அவரை மன்னிப்பதாக இல்லை.

இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் பல இன்று நசரத்பேட்டையைத் தாண்டித்தான் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் காங்கிரசின் கடைசி முதலமைச்சர் பிறந்த ஊர் அது.

பக்கம் தீர்ந்துவிட்டது. தேர்தல் கதை அடுத்த வாரம். முடிவை மட்டும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சராக இருந்தபடியே சொந்தத் தொகுதியில் நின்ற பக்தவத்சலம், தி.மு.க.வின் டி.ராஜரத்தினத்திடம் ஏறக்குறைய 9,000 வாக்குகளில் தோற்றார்.