மோரிஸ், மேரலின் பெய்லி தம்பதியினர்

மோரிஸ் பெய்லி, மேரலின் பெய்லி ஆகிய இருவரும் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு கடற்பயணம் செய்த இங்கிலாந்து நாட்டுத் தம்பதியினர் ஆவர். 1973 ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று பசிபிக் பெருங்கடலில் திமிங்கிலம் ஒன்று மோதியதால் இவர்களது படகு மூழ்கியது. அதன் பின்னர் 118 நாட்கள் ஓர் உயிர்காப்பு மிதவையிலும் அதனுடன் பிணைக்கப்பட்ட சிறிய ரப்பர் படகிலும் மிதந்து உயிர் தப்பினர்.

படகு வாழ்க்கை

இவர்கள் இங்கிலாந்தின் டார்பி நகரில் வசித்து வந்தனர். மோரிஸ் அச்சுத் தொழிலிலும், மேரலின் வரி அலுவலகத்திலும் பணியாற்றினர். வீட்டை விற்றுப் படகு வாங்கி அதிலேயே குடியேறலாம் என்னும் எண்ணம் 1960களின் பிற்பகுதியில் முதலில் மேரலினிடமே தோன்றியது. இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது. 31 அடி (ஏறத்தாழ 9.4 மீட்டர்) நீளமுள்ள அப்படகிற்கு இருவர் பெயர்களின் பகுதிகளையும் சேர்த்து ஆரலின் எனப் பெயரிட்டனர்.

1972 சூன் மாதம் நியூசிலாந்தில் குடியேறும் நோக்கத்துடன் சவுத்தாம்ப்டனில் இருந்து புறப்பட்டனர். எசுப்பானியா, போர்த்துகல், மதீரா, கனேரித் தீவுகள் வழியாக அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்து கரிபியன் தீவுகளை அடைந்தனர். 1973 பெப்ரவரியில் பனாமா கால்வாயைக் கடந்து பசிபிக்கில் நுழைந்தனர்.

இருவர் மட்டுமே செலுத்தும் படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் காவல் இருத்தல் வேண்டும். ஆகையால் நெடும்பயணங்களில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் உறங்குவது அரிது. நன்னீர் அளந்தே செலவிடப்படும். செயற்கைக்கோள் வழிகாட்டி பொதுப் பயன்பாட்டிற்கு வராத அக்காலத்தில், செக்சுடண்ட் என்னும் கோணம் அளக்கும் கருவியால் கதிரவன், விண்மீன்கள் ஆகியவற்றின் உயரத்தைக் கண்டு, பஞ்சாங்கம் போன்ற அட்டவணை நூலுடன் ஒப்பிட்டுப் படகின் இருப்பிடத்தைக் கணக்கிட்டனர். ஆரலினில் இப்பணி மோரிசுடையது. உணவு இருப்பைத் திட்டமிடுவது மேரலினின் பொறுப்பாக இருந்தது.

ஆரலினில் செய்தி அனுப்பும் வானொலிக் கருவி பொருத்தப்படவில்லை. இது பணமின்மையாலோ மறதியாலோ நேர்ந்ததன்று. வெளியுலகின் குறுக்கீடு இல்லாத விடுதலையை மோரிஸ் விரும்பினார். அம்முடிவின் விலை பின்னரே தெரிந்தது. படகு மூழ்கிய செய்தி எவருக்கும் எட்டவில்லை. எவரும் அவர்களைத் தேடவும் இல்லை.

படகு மூழ்கியது

கலாபகசுத் தீவுகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, விடியற்காலையில் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று படகில் மோதியது. நீர்மட்டத்திற்குக் கீழே பெரிய துளை விழுந்தது. துணிகளையும் மெத்தைகளையும் திணித்து அதனை அடைக்க முயன்றும் பயனில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் படகு மூழ்கிவிட்டது. அதற்குள் டின்களில் அடைத்த உணவு, நீர்க் கலன்கள், வரைபடம், செக்சுடண்ட், சில நூல்கள், நிழற்படக் கருவி ஆகியவற்றை அவர்கள் மிதவைக்கு மாற்றினர். பாய்கள் விரிந்த நிலையிலேயே ஆரலின் மூழ்கும் காட்சியை மேரலின் படம் பிடித்தார்.

மிதவையில் 118 நாட்கள்

முதலில் துடுப்பு வலித்துக் கலாபகசுத் தீவுகளை அடைய முயன்றனர். நீரோட்டம் அவர்களை அத்தீவுகளிலிருந்து விலக்கிக் கொண்டு சென்றதால் சில நாட்களில் அம்முயற்சியைக் கைவிட்டனர். கடலாமைகளைக் கயிற்றால் கட்டிப் படகை இழுக்கச் செய்யும் முயற்சியும் நடந்தது. ஓர் ஆமை விரும்பிய திசையில் இழுக்க, மற்றொன்று வேறு திசையில் நீந்தியதால் அதுவும் தோற்றது.

கொண்டுவந்த உணவு தீர்ந்த பின்னர் கடலே அவர்களுக்கு உணவளித்தது. மிதவையில் தூண்டில் முள் இல்லை. மேரலின் ஊக்குகளை வளைத்துத் தூண்டில் செய்தார். ஆமை இறைச்சியின் துண்டுகளை இரையாக்கிக் கிளாத்தி மீன்களைப் பிடித்தனர். மிதவையின் மேல் வந்தமர்ந்த கடற்பறவைகளையும் பிடித்து உண்டனர். நாளடைவில் சிறு சுறாக்களை வாலைப் பற்றி வெறுங்கையால் தூக்கும் அளவிற்கு மேரலின் பழகிவிட்டார். இவை அனைத்தையும் பச்சையாகவே உண்டனர். குடிநீருக்கு மழையையே நம்பியிருந்தனர். மிதவையின் கூரைத் துணியில் விழுந்த நீர் பலமுறை ரப்பர் சுவையுடன் இருந்தது.

மீன் முட்கள் மிதவையைத் துளைத்தன. அதன் பின் இரவும் பகலும் காற்றடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. உப்புநீரால் உடலெங்கும் புண்கள் தோன்றின. மோரிஸ் கடும் நோயுற்றார். ஏழு கப்பல்கள் அவர்களைக் காணாமலே கடந்து சென்றன. அபாய அறிவிப்பு வாணங்களுள் சில எரியவே இல்லை.

இக்காலத்தில் மோரிஸ் நம்பிக்கை இழந்திருந்தார். மேரலினோ தாம் உயிர்பிழைக்கவே விதிக்கப்பட்டவர்கள் என உறுதியாக நம்பினார். குறிப்பேட்டுத் தாள்களைக் கிழித்துச் சீட்டுக் கட்டும் டொமினோ ஆட்டக் காய்களும் செய்தார். ஊர் திரும்பியதும் அளிக்கப்போகும் விருந்துகளுக்கு உணவுப் பட்டியல் எழுதினார். அடுத்த படகான இரண்டாம் ஆரலினின் அமைப்பையும் அங்கேயே வரைந்தார். புறப்படும்போது மோரிசே தலைவர். வழி காண்பதும் முடிவெடுப்பதும் அவரே. செக்சுடண்டால் இருப்பிடம் அறிந்தாலும் அவ்விடத்திற்கு எவரையும் அழைக்க வழியற்ற மிதவையில் தலைமை மேரலினிடம் சென்றது. தாம் உயிருடன் இருப்பதற்கு மேரலினே காரணம் என மோரிஸ் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். இந்நிகழ்வைக் கடலில் உயிர்பிழைக்கும் நுட்பங்களுக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கூறுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

மீட்பு

1973 சூன் 30 அன்று, அத்திலாந்திக்கில் மீன்பிடித்துவிட்டுத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த வோல்மி 306 என்னும் தென்கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டது. முதலில் கடந்து சென்ற அக்கப்பல், பின்னர் திரும்பி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. அதுவரை ஏறத்தாழ 1,500 மைல் தொலைவு அவர்கள் மிதந்திருந்தனர். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 18 கிலோகிராம் எடை இழந்திருந்தனர். தாமாக நிற்கவும் இயலவில்லை. கப்பலின் மாலுமிகள் அவர்களைப் பேணி, அமெரிக்காவின் அவாய் மாநிலத்திலுள்ள ஒனலுலுவில் இறக்கிவிட்டனர்.

நாட்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுபடுகிறது. 1974 இல் இவர்கள் இணைந்து எழுதிய நூலின் பிரித்தானியப் பதிப்புத் தலைப்பு 117 நாட்கள் என்கிறது. மார்ச் 4 முதல் சூன் 30 வரை கணக்கிட்டால் 118 நாட்கள் வரும். அந்நூலில் கணவனும் மனைவியும் மாறி மாறித் தத்தம் பார்வையில் எழுதியுள்ளனர்.

ஒப்பீடு

இதற்கு முந்தைய ஆண்டில், 1972 சூன் மாதம், இராபர்ட்சன் குடும்பத்தினரின் லூசெட் என்னும் படகும் கலாபகசுத் தீவுகளுக்கு மேற்கே திமிங்கிலங்களால் தாக்கப்பட்டு மூழ்கியது. அவர்கள் 38 நாட்களில் மீட்கப்பட்டனர். பெய்லி தம்பதியினரை விட நீண்ட நாட்கள் மிதந்தோரும் உளர். இரண்டாம் உலகப் போரின்போது சீன மாலுமி பூன் லிம் தனியொருவராக 133 நாட்கள் அத்திலாந்திக்கில் மிதந்தார். 1982 இல் கொசுபசு-சார்சாட் என்னும் செயற்கைக்கோள் மீட்புத் திட்டம் செயல்படத் தொடங்கியது. அதன்பின், அபாயக் குறிகாட்டிக் கருவியைக் கொண்டுள்ள படகினர் தம் இருப்பிடத்தை மீட்புப் படையினருக்குத் தெரிவிக்க இயல்கிறது.

பிற்கால வாழ்க்கை

மீண்ட பின்னரும் இவர்கள் கடலைக் கைவிடவில்லை. மேரலின் மிதவையில் திட்டமிட்டபடியே இரண்டாம் ஆரலின் உருவாயிற்று. அதில் தென் அமெரிக்காவின் பத்தகோனியாவிற்குப் பயணம் செய்து, அதனைப் பற்றி 1977 இல் மற்றொரு நூல் வெளியிட்டனர். மேரலின் 2002 இலும், மோரிஸ் 2018 இலும் காலமாயினர். இவர்களது மணவாழ்க்கையையும் கடல் வாழ்வையும் பற்றிச் சோபி எல்மர்சுட்டு எழுதிய நூல் 2024 இல் வெளிவந்தது. அது நீரோ தங்கப் பரிசைப் பெற்றது.