துப்பாக்கியை யார் முதல்ல கீழே வைக்கிறது?

உள்நாட்டுப் போர்ல சமாதானப் பேச்சு ஏன் தோத்துப் போகுதுன்னு கேட்டா, "தலைவருங்களுக்குப் பதவி வெறி"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவோம். நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன், அங்கோலா கதையைப் படிக்கிற வரைக்கும்.

1975ல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை. கையோட உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் சோவியத், கியூபா ஆதரவோட எம்.பி.எல்.ஏ. அரசு, எதிரே அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா ஆதரவோட ஜோனாஸ் சவிம்பியின் யுனிடா. பனிப்போர் ஓய்ந்ததும் 1991 மே மாதம் பிசெஸ் ஒப்பந்தம். படைகளைக் கலைக்கணும், ரெண்டையும் சேர்த்து ஒரே ராணுவமாக்கணும், அப்புறம் தேர்தல். காகிதத்தில் கச்சிதம்!

மேற்பார்வைக்கு ஐ.நா. அனுப்பினது சுமார் 350 ராணுவப் பார்வையாளர்கள். 12 லட்சம் சதுர கி.மீ.க்கும் பெரிய நாட்டுக்கு! யுனிடா தன் படையை முழுசாக் கலைக்கலை. அரசும் தன் ஆட்களைப் புதுக் கலவரத் தடுப்புப் போலீஸ்ல சேர்த்துக்கிச்சு. அப்படியே தேர்தலும் வந்துடுச்சு.

1992 செப்டம்பர். தோஸ் சாந்தோஸ் 49.57%, சவிம்பி 40.07%. யாரும் 50% தாண்டாததால இரண்டாம் சுற்று நடக்கணும். சவிம்பி மோசடின்னார். அக்டோபர் கடைசியில் தலைநகர் லுவாண்டாவில் யுனிடா ஆதரவாளர்களை வேட்டையாடினாங்க. பேச்சுவார்த்தைக்கு வந்திருந்த யுனிடா துணைத் தலைவர் சிட்டுண்டாவும் கொல்லப்பட்டார். இரண்டாம் சுற்று நடக்கவே இல்லை.

சவிம்பி பதவி ஆசை பிடிச்சவர்தான், மறுக்கலை. ஆனா ஆயுதத்தை விட்டா உயிர் மிஞ்சாதுன்னு ஒரு சாதாரண யுனிடாக்காரன் நினைக்க அந்த மூணு நாள் போதாதா?

நம்ம தொழில் பாஷையில இது டெட்லாக். ரெண்டு பேரும் தன் லாக்கை விடாம அடுத்தவன் விடட்டும்னு காத்திருக்கான். வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து பிரிச்சு விட்டாத்தான் உண்டு.

மொசாம்பிக்ல அதுதான் நடந்தது. அதே போர்ச்சுகல், அதே 1975. 1992ல் ரோமில் ஒப்பந்தம். அங்கோலாவைப் பார்த்துப் பயந்த ஐ.நா. இங்கே 6,000க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பிச்சு. படைகளைக் கலைச்ச பிறகுதான், 1994 அக்டோபர்ல, தேர்தல். ரெனமோ அரசியல் கட்சியா மாற நிதியும் கொடுத்தாங்க. ரெனமோ தோத்தது, ஆனா காட்டுக்குப் போகாம நாடாளுமன்றத்துக்குப் போச்சு. (2013ல் மறுபடி மோதல் வந்தது. ஆனாலும் நடுவுல இருபது வருஷம்!) யுனிடா மாதிரி அவங்க கைல வைரச் சுரங்கம் இல்லைங்கறதும் ஒரு காரணம்.

அங்கோலாவுக்கும் 1994 லுசாகா ஒப்பந்தத்துக்கு அப்புறம் பெரிய படை போச்சு. ஆனா நம்பிக்கை செத்த பிறகு. 1998ல் மீண்டும் முழுப் போர். 2002 பிப்ரவரியில் சவிம்பி கொல்லப்பட்ட பிறகுதான் ஓய்ந்தது.

கையெழுத்து போட ரெண்டு பேர் போதும். "நீ துப்பாக்கியைக் கீழே வை, உன் உயிருக்கு நான் பொறுப்பு"ன்னு சொல்ல மூணாவதா ஒருத்தர் வேணும், அதுவும் நேரத்தோட. அங்கோலாவுக்கு அவர் வந்து சேர ரொம்ப லேட் ஆயிடுச்சு.