பற்சொத்தை

பற்சொத்தை என்பது, வாயில் வாழும் பாக்டீரியாக்கள் உணவிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்ற, அவ்வமிலம் பல்லின் கனிமப் பொருளைச் சிறிது சிறிதாகக் கரைப்பதால் உண்டாகும் நோயாகும். பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை பல நாடுகளில் நெடுங்காலம் நிலவியது; பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1890இல் வெளியிட்ட நூலே அமிலக் கொள்கையை நிலைநாட்டியது.

பல்லின் வெளிப்போர்வையாகிய எனாமல் உடலிலேயே மிகக் கடினமான திசுவாயினும், அதன் மேற்பரப்பில் அமில-கார அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து அவற்றை மீண்டும் படியச் செய்கிறது. இந்த மீட்சிக்கு நேரம் வேண்டுமாதலால், இனிப்பின் அளவைப் போலவே, ஒருவேளை அதைவிடவும், அது எத்தனை முறை உண்ணப்படுகிறது என்பது முக்கியம். நாள் முழுதும் சர்க்கரைத் தேநீரை இடையிடையே பருகும் வழக்கம் விருந்தில் ஒருமுறை உண்ணும் இனிப்பினும் கேடானது. சிதைவு எனாமலுக்கு அடியிலுள்ள தந்தினியை அடைந்தால் கூச்சமும், நரம்பும் குருதிக்குழாய்களும் நிறைந்த பற்கூழை எட்டினால் கடும் வலியும் தோன்றும்; முன்னதற்குப் பல் அடைத்தல் பெரும்பாலும் போதும், பின்னதற்கு வேர்ச் சிகிச்சையோ பல்லை அகற்றுதலோ தேவைப்படும்.

புளோரைடு எனாமலை வலுப்படுத்துவதால், 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரக் குடிநீரில் அது சேர்க்கப்பட்டது. ஆயினும், பல் உருவாகும் பருவத்தில் அது அளவு மீறி உட்சென்றால் பற்கள் கறையுடன் முளைக்கும். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இக்குறையைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டு சேர்க்கிறது.