கோபுரத்தைச் சுற்றியிருந்த வீடு: ஸ்காட்லாந்துக் கோபுர மாளிகைகளை அகழாய்வு திருத்திய வரலாறு

ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், கெல்சோ நகருக்கு மேற்கே ஒரு பாறைக்குன்றின் உச்சியில் ஸ்மேல்ஹோம் கோபுரம் நிற்கிறது. உயரம் சுமார் 20 மீட்டர்; சுவர்களின் கனம் இரண்டு மீட்டருக்கும் மேல். சுற்றிலும் பாறை, புல், ஒரு சிறு குளம். பிரிங்கிள் குடும்பத்தார் இதைக் கட்டினர். காலம் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம். உச்சியில் புகைபோக்கியை ஒட்டிக் காவலாளுக்கென்று ஒரு கல் இருக்கையும், விளக்கு வைக்க ஒரு மாடமும் இன்றும் உள்ளன. அடுப்பின் சூடு முதுகில் பட, எல்லை தாண்டிக் கால்நடை கவர வருவோரை எதிர்நோக்கி ஒருவர் இரவெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பார்.

இத்தகைய கோபுரம் தன்னளவில் முழுமையான வீடு என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. கீழே வில்வளைவுக் கூரையிட்ட சரக்கறை, அதன்மேல் கூடம், அதற்கும் மேல் படுக்கையறைகள். பிரபுவின் வாழ்க்கை முழுவதும் செங்குத்தாக அடுக்கப்பட்டிருந்தது என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கையில் வால்டர் ஸ்காட்டுக்கும் பங்குண்டு. குழந்தைப் பருவத்தில் கால் முடங்கியதால் எடின்பரோவிலிருந்து அவரை ஸ்மேல்ஹோமின் அடிவாரத்தில் இருந்த தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பிவைத்தனர். பின்னாளில் இந்தக் கோபுரத்தையே களமாக்கி ஒரு கதைப்பாடல் எழுதினார். ஆளரவமற்ற குன்றில் தனித்து நிற்கும் கோபுரம் வாசகர் மனத்தில் பதிந்துபோனது.

ஆய்வுலகமும் அதே வழியில்தான் போயிற்று. மெக்கிப்பன், ராஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் 1887 முதல் 1892 வரை ஐந்து தொகுதிகளாக ஸ்காட்லாந்தின் கோட்டைகளையும் மாளிகைகளையும் அளந்து வரைந்து வெளியிட்டனர். அவர்களுடைய உழைப்புக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அவர்கள் தரைப்படத்தின் வடிவத்தைக் கொண்டே கட்டடங்களை வகைப்படுத்தினர். எழுந்து நின்ற சுவர்களே அவர்களுக்குச் சான்று. மண்ணுக்குள் கிடந்தது கணக்கில் வரவில்லை.

இத்தனைக்கும் ஓர் எழுத்துச் சான்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. எல்லைப் பகுதியில் நூறு பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்போர் அறுபது அடிச் சதுரத்தில் ஒரு மதில் எழுப்ப வேண்டும் என்று 1535இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அன்றைய நீட்டலளவையான ‘எல்’ கணக்கில் மதிலின் கனம் ஒரு எல், உயரம் ஆறு எல். இன்றைய அளவில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனமும் ஐந்தரை மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் ஆகும். குடியானவர்களும் கால்நடைகளும் ஒதுங்குவதற்கான இந்த மதில்முற்றத்தைப் பார்ம்கின் என்பார்கள். உள்ளே கோபுரம் கட்டுவது பிரபுவின் விருப்பம். சட்டம் கட்டாயப்படுத்தியது முற்றத்தைத்தான். ஆராய்ச்சியோ நெடுங்காலம் கோபுரத்தையே சுற்றிவந்தது.

திருப்பம் ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள கேலோவேயிலிருந்து வந்தது. டீ ஆற்றின் நடுவே ஒரு தீவில் உள்ள திரீவ் கோட்டை, 1369இல் கேலோவேயின் பிரபுவான ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் கட்டியது. 1400இல் அவர் இறந்ததும் அங்கேதான். 1974 முதல் 1978 வரை ஜார்ஜ் குட், கிறிஸ்டோஃபர் டேப்ரஹாம் ஆகியோர் இந்தத் தீவில் அகழாய்வு செய்தனர். சேற்றில் புதைந்திருந்த படகுத்துறை வெளிப்பட்டது. ஈரம் காத்துவைத்த மரப்பாத்திரங்களும் தோல் பொருள்களும் கிடைத்தன. இவற்றைவிட முக்கியமானவை, கோபுரத்துக்கு அருகே வெளிப்பட்ட பெரிய கட்டடங்களின் அடித்தளங்கள். ஒரு பெருங்கூடமும் சிற்றாலயமும் அங்கே இருந்திருக்க வேண்டும் என அகழாய்வாளர்கள் கருதினர்.

இவை ஏன் மறைந்தன என்பதற்கும் மண்ணே விடை தந்தது. கோபுரத்தின் வெளிப்புறத்தில் பீரங்கித் துளைகள் கொண்ட ஒரு மதில் உண்டு. 1513இல் ஃப்ளோடன் போரில் ஸ்காட்லாந்து இங்கிலாந்திடம் தோற்ற பின் அது கட்டப்பட்டதாகக் கருதி வந்தனர். அகழாய்வு அதை 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்தள்ளியது. 1452இல் எட்டாம் டக்ளஸ் பிரபுவை இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் ஸ்டர்லிங்கில் கொன்றார். 1455இல் திரீவையே முற்றுகையிட்டு வசப்படுத்தினார். மன்னருக்கும் டக்ளஸ் குடும்பத்துக்கும் பகை முற்றிய அந்த ஆண்டுகளில், பீரங்கிப் போருக்கு இடம் ஒதுக்கத்தான் கூடத்தையும் பிற கட்டடங்களையும் இடித்திருக்கிறார்கள். இன்று நாம் காணும் தனிமை, போருக்காக வலிந்து உண்டாக்கிய தனிமை.

அடுத்து, 1979 முதல் 1981 வரை ஸ்மேல்ஹோமின் முற்றத்தைத் தோண்டினர். அங்கும் ஒரு வெளிக்கூடமும் அதையொட்டிய அறையும் எதிர்ப்புறத்தில் சமையற்கட்டும் வெளிப்பட்டன. திரீவின் டக்ளஸ் பெரும்பிரபு. பிரிங்கிள் நடுத்தர நிலக்கிழார். தகுதியில் இவ்வளவு தொலைவில் இருந்த இரு வீடுகளும் ஒரே அமைப்பைக் காட்டியதுதான் டேப்ரஹாமின் வாதத்துக்கு வலு. 1988இல் வெளியான கட்டுரையில் அவர் அதை முன்வைத்தார்: கோபுரம் என்பது பிரபுவும் குடும்பத்தாரும் வாழ்ந்த உள்வீடு, ஊரார் வந்துபோகும் காரியங்களும் விருந்தும் முற்றத்துக் கூடத்தில் நடந்தன.

இந்த முடிவை எல்லாக் கோபுரங்களுக்கும் அப்படியே பொருத்துவது அவசரம் என்பது என் கருத்து. முற்றம்வரை முறையாகத் தோண்டப்பட்டவை சிலவே. ஆனாலும் வாதத்தின் மையம் அசைக்க முடியாதது. முற்றத்துக் கட்டடங்கள் தாழ்வானவை, மெல்லிய சுவர் கொண்டவை. கைவிட்டதும் முதலில் சரிபவை அவைதான். இரண்டு மீட்டர்ச் சுவரைப் பெயர்ப்பது யாருக்கும் லாபமில்லை.

ஸ்மேல்ஹோமின் பிற்கால அடுக்கும் இதற்குத் துணைநிற்கிறது. 1645இல் கோபுரம் ஹார்டன் ஸ்காட் குடும்பத்தாரிடம் வந்தது. அவர்கள் வெளிக்கூடத்தை நீக்கி, அதே இடத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டனர். எல்லைச் சண்டைகள் ஓய்ந்த காலத்திலும் வாழ்க்கையின் மையம் முற்றத்தில்தான் இருந்தது. அந்தப் புது வீட்டிலும் இப்போது மிஞ்சியிருப்பது அடிச்சுவர் மட்டுமே.