கடனைக் கடனால் பெருக்கினால்

மாமல்லன் என்னும் விருதுப்பெயர் பூண்ட முதலாம் நரசிம்ம பல்லவன் அரியணை ஏறியது கி.பி. 630ஐ ஒட்டியாகும். அதற்குச் சற்று முன்னர், 628இல், இன்றைய இராசத்தானத்துப் பின்மால் நகரில் பிரம்மகுப்தர் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' என்னும் நூலை இயற்றினார். மல்லைச் சிற்பிகள் கல்லில் காட்டிய துணிவை அவர் எண்ணில் காட்டினார் எனலாம். மிகை எண்ணைத் தனம் என்றும், குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் அழைத்தார். தனத்தைக் கடனால் பெருக்கினால் கடன். கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என விதி வகுத்தார்.

இவ்விதியை நம் பிள்ளைகள் தடையின்றி ஒப்பிக்கின்றனர்; அதுவே உரைநடைக் கணக்காய் வந்தால் திகைக்கின்றனர். குற்றம் அவர்களுடையதன்று. பொருளை விட்டுக் குறியை மட்டும் கற்பித்தால் வேறென்ன விளையும்?

செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியையே கொள்வோம். கோடையில் நாளொன்றுக்கு 3 விரற்கடை நீர் வற்றுவதாகக் கருதுவோம், இது -3. வருநாளை மிகையாகவும் சென்ற நாளைக் குறையாகவும் எண்ணினால், 4 நாட்களுக்கு முன்பு என்பது -4. அன்று நீர் இன்றைக்கு மேல் 12 விரற்கடை நின்றிருக்கும். குறையும் குறையும் பெருகி மிகையானது இவ்வாறே.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீயின் அல்ஜப்ரு நூலில் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளாம். தனித்த குறை எண்ணை அவர் ஏற்கவில்லை. ஆயினும், ஒன்று குறைந்த பத்தை ஒன்று குறைந்த பத்தால் பெருக்கிக் காட்டினார். 100இல் இருமுறை பத்தைக் கழித்தால் 80. விடையோ 81 அன்றோ? குறைந்த ஒன்றும் குறைந்த ஒன்றும் பெருகிய அந்த 1, கூட்டப்பட்டே தீர வேண்டும்.

எழுத்தர்க்கும் வணிகர்க்கும் கணித நூல் எழுதிய அபுல் வஃபா (940–998) இன்னும் ஒருபடி சென்றார். 3இலிருந்து 5 போனால் 2 கடன். அதைப் பத்தால் பெருக்கினால் 20 கடன் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஸ்-ஸமவ்அல் குறிவிதிகளை முழுமையாக எழுதினார். இலண்டனிலோ, 1758இலும் பிரான்சிஸ் மாசெரெஸ் குறை எண்களுக்கு எதிராக நூல் எழுதிக்கொண்டிருந்தார்!

சதுரங்கப்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவர்க்கு நாள்தவணை 50 ரூபாய் என்போம். கடன் கொடுத்தவர் 6 தவணைகளைத் தள்ளிவிடுகிறார். -50ஐ -6ஆல் பெருக்குக. அவர் கையில் மிஞ்சுவது 300 ரூபாய்.