எல்.கே.ஜி.க்குள் ஒளிந்திருக்கும் ஒரு மரப்பெட்டி

எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டிலும் வரும் "கே.ஜி." கிண்டர்கார்டன் என்பதன் சுருக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். அது ஒரு ஜெர்மன் சொல், "குழந்தைகளின் தோட்டம்" என்று பொருள் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்தப் பெயரைத் தாங்கிய பள்ளிகளை ஓர் அரசாங்கம் ஒன்பது ஆண்டுகள் தடை செய்து வைத்திருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. அங்கே குழந்தைகள் என்ன, ஆயுதப் பயிற்சியா எடுத்தார்கள்? மரக்கட்டை அடுக்கினார்கள், காகிதம் மடித்தார்கள், வட்டமாக நின்று பாடினார்கள். அதற்குத்தான் தடை! அந்தக் கதையையும், அந்த விளையாட்டுப் பொருட்களில் ஒன்று நம் சென்னை மாகாணத்துக்கு வந்து என்ன ஆனது என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கதையின் நாயகன் ஃபிரீட்ரிஷ் ஃப்ரோபெல். பி.எட். வழிகாட்டிகளில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் வாழ்ந்துகொண்டிருப்பவர். 1782-இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிறைவதற்குள் தாய் இறந்துவிட்டார். வளர்ந்தபின் காட்டிலாகா வேலை பழகினார். யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கடனைக் கட்ட முடியாமல் சில வாரங்கள் அங்கேயே சிறையில் இருந்தார். 1805-இல் பிராங்ஃபர்ட் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தபோதுதான் தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே புரிந்தது. அடுத்துச் சுவிட்சர்லாந்துக்குப் போய், அக்காலத்தில் ஐரோப்பாவே வியந்து பார்த்த பெஸ்டலோசியின் பள்ளியைக் கண்டார். பிறகு 1808 முதல் 1810 வரை அங்கேயே தங்கினார். புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைக்காமல், பொருளைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிப் பாடம் நடத்தியவர் பெஸ்டலோசி.

அதன்பின் ஃப்ரோபெல் செய்த ஒரு வேலையைப் பல நூல்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நெப்போலியனுக்கு எதிரான போரில் சேர்ந்து திரும்பிய பிறகு, பெர்லினில் பேராசிரியர் வைஸ் என்பவரின் கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளராக இருந்தார். நாள் முழுக்கப் படிகக் கற்களைப் பார்ப்பதும் வகைப்படுத்துவதும்தான் வேலை. ஓர் ஒழுங்கான வடிவத்திலிருந்து இன்னொரு வடிவம் எப்படிப் பிறக்கிறது என்று கல்லில் பார்த்தவர், பின்னாளில் அதையே மரத்தில் செய்து குழந்தைகளின் கையில் கொடுத்தார்.

1813-இல் இவருடைய அண்ணன் கிறிஸ்டோஃப், காய்ச்சலில் கிடந்த படைவீரர்களைக் கவனிக்கப் போய்த் தானும் அந்தக் காய்ச்சலிலேயே இறந்துபோனார். தகப்பனை இழந்த அந்தப் பிள்ளைகளுக்காகவும் இன்னொரு அண்ணனின் பிள்ளைகளுக்காகவும் 1816-இல் ஃப்ரோபெல் ஒரு சிறு பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு அது கைல்ஹாவ் என்ற கிராமத்துக்கு மாறியது. தகப்பனை இழந்த பிள்ளைகளில் ஒருவன் பெயர் கார்ல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறான்.

பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கொடுத்து, பள்ளிக்கு வரும் முன்பே குழந்தையின் பாதி படிப்பு முடிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு ஃப்ரோபெல் வந்தார். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தை ஆரம்பித்தார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் ஒரு வரி நீளம் இருக்கும். 1840-இல்தான் கிண்டர்கார்டன் என்ற பெயர் வந்தது. அன்றைய ஐரோப்பிய நகரங்களில், வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகளை அடைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இருந்தன. ஃப்ரோபெல் கேட்டது வேறு. தோட்டக்காரர் செடியை இழுத்து வளர்ப்பதில்லை, தண்ணீரும் வெளிச்சமும் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான் என்றார். நிஜமாகவே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தியும் உண்டு!

இனி அந்தப் பெட்டிகளுக்கு வருவோம். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் "பரிசுகள்". முதல் பரிசு, ஆறு நிறங்களில் ஆறு கம்பளிப் பந்துகள், நூல் கட்டியது. தாய் பந்தை ஆட்டுவாள், மறைப்பாள், மறுபடி காட்டுவாள். இருக்கிறது, இல்லை, வந்துவிட்டது என்ற சொற்கள் குழந்தைக்கு இப்படித்தான் அர்த்தமாகின்றன. இரண்டாம் பரிசில் மரத்தால் ஆன ஒரு கோளம், ஒரு கனசதுரம், இரண்டுக்கும் நடுவில் ஓர் உருளை. கனசதுரத்தை நூலில் தொங்கவிட்டு வேகமாகச் சுற்றினால் கண்ணுக்கு உருளை தெரியும். ஒரு வடிவத்துக்குள் இன்னொன்று இருக்கிறது என்று சொல்ல இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் புகழ்பெற்றது. ஒரு சிறிய மரப்பெட்டி, இழுத்துத் திறக்கும் மூடி. பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, மூடியை உருவிவிட்டுப் பெட்டியைத் தூக்கினால் ஒரு முழுக் கனசதுரம் நிற்கும். தொட்டால் அது எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும். இந்த எட்டுக் கட்டைகளை வைத்து மூன்று விதமாக விளையாடலாம். நாற்காலி, படிக்கட்டு, கிணறு என்று வீட்டில் பார்த்ததைக் கட்டலாம். நம் ஊர்க் கோலம் போலச் சமச்சீரான அழகு வடிவங்களை வைக்கலாம். இல்லாவிட்டால் இரண்டாகப் பிரி, நான்காகப் பிரி, எட்டாகப் பிரி என்று அரை, கால், அரைக்கால் கணக்குப் பழகலாம். மூன்று வயதுக் குழந்தை பின்னம் என்ற வார்த்தையைக் கேள்விப்படாமலே பின்னத்தைக் கையால் தொட்டுவிடுகிறது. அடுத்தடுத்த பரிசுகளில் கட்டைகளின் வடிவமும் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும். ஐந்தாவது பரிசுப் பெட்டியில் 39 துண்டுகள். இவற்றோடு காகிதம் மடித்தல், காகிதப் பட்டைகளைப் பாய் போலப் பின்னுதல், களிமண் பிசைதல், குச்சி அடுக்குதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி வடிவம் கட்டுதல் என்று கைவேலைகளும் உண்டு.

இவ்வளவு சாதுவான விஷயத்துக்கு ஏன் தடை வந்தது?

1848-இல் ஜெர்மன் நாடுகள் முழுவதும் புரட்சி வெடித்து அடங்கியது. ஃப்ரோபெல் வளர்த்த அண்ணன் மகன்களில் மூத்தவர் ஜூலியஸ், பிராங்ஃபர்ட் நாடாளுமன்றத்தின் உறுப்பினர். வியன்னா எழுச்சியில் பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டு, மன்னிக்கப்பட்டவர். அவருடைய தம்பிதான் மேலே சொன்ன கார்ல். அவர் பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று, கிண்டர்கார்டனையும் சேர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். 1851 ஆகஸ்ட் 7 அன்று, பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் ராவ்மர் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தார். இளம் பிள்ளைகளை நாத்திகத்துக்கு இழுக்கும் ஃப்ரோபெலின் சோஷலிசத் திட்டத்தின் ஒரு பகுதி இது என்பது குற்றச்சாட்டு. ஆணையில் ஆதாரமாகக் காட்டப்பட்டது கார்ல் எழுதிய நூல்!

"பெயர்க் குழப்பத்தில் நடந்த வேடிக்கை" என்றுதான் இதை வழக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. அது நான் இல்லை, என் அண்ணன் மகன் என்று ஃப்ரோபெல் விளக்கம் அனுப்பினார், அரசருக்கே விண்ணப்பம் போட்டார். தடை அப்படியே இருந்தது. குழப்பம் தீர்ந்த பிறகும் தடை தீரவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கிண்டர்கார்டனுக்குப் பணமும் ஆளும் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஜனநாயகம் பேசிய பெண்கள் சங்கங்கள், அரசு சார்ந்த திருச்சபையிலிருந்து பிரிந்த சுதந்திர மதக் குழுக்கள். ஆசிரியர் தொழில் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்த நாட்டில், இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளாக ஆக்கினார் ஃப்ரோபெல். அதோடு, சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் தானே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் குழந்தை. புரட்சியை இப்போதுதான் அடக்கிய ஓர் அரசுக்கு இது விளையாட்டாகத் தெரியவில்லை. அந்த வகையில் ராவ்மர் கிண்டர்கார்டனை நன்றாகவே புரிந்துகொண்டார் என்று சொல்வேன்.

1852 ஜூன் 21 அன்று ஃப்ரோபெல் இறந்தார். வயது 70. தடை நீங்கியது 1860-இல்தான். அவருடைய கல்லறைச் சின்னம் ஒரு கனசதுரம், அதன்மேல் உருளை, அதன்மேல் கோளம்.

தடை போட்டதால் அது அழிந்ததா என்றால், கடல் தாண்டிவிட்டது! ஹாம்பர்கைச் சேர்ந்த மேயர் குடும்பத்துச் சகோதரிகள் இருவர். ஒருவரான பெர்த்தா, மதச் சீர்திருத்தக்காரரான தன் கணவர் ரோங்கேயுடன் லண்டனுக்குத் தப்பிப்போய் 1851-இல் அங்கே கிண்டர்கார்டன் தொடங்கினார். தங்கை மார்கரெட்டே, 1848 புரட்சியில் கலந்துகொண்டு நாட்டை விட்டு ஓடிய கார்ல் ஷுர்ட்ஸை மணந்து அமெரிக்கா போனார். 1856-இல் விஸ்கான்சினில் உள்ள வாட்டர்டவுன் என்ற ஊரில் ஜெர்மன் மொழியில் முதல் கிண்டர்கார்டன் அவர் கையால்தான். அகதிகளின் மூட்டையில் மரக்கட்டைகளும் போயின. 1876-இல் டோக்கியோவில் கிண்டர்கார்டன் வந்தது. அதே ஆண்டு பிலடெல்பியா கண்காட்சியில் ஓர் அம்மா இந்தப் பரிசுகளைப் பார்த்துவிட்டுத் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த மகன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட். அந்தக் கட்டைகளை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. ஃப்ரோபெலின் முறையிலேயே ஒரு கட்டுப்பெட்டித்தனம் இருந்தது. பெட்டியை இப்படித்தான் திறக்கவேண்டும், ஒரு கட்டையைக்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் பயன்படுத்தவேண்டும், ஒன்றைக் கட்டியபின் இடித்துவிடாமல் அதையே மாற்றி அடுத்ததைக் கட்டவேண்டும் என்றெல்லாம் விதிகள். அவர் இருந்தவரை விளையாட்டு, விதியைவிடப் பெரிதாக இருந்தது. சீடர்கள் காலத்தில் தலைகீழானது. நாற்பது குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து, ஆசிரியை சொல்ல ஒரே நேரத்தில் ஒரே கட்டையை நகர்த்தும் டிரில் ஆனது. நம் ஊருக்கு வந்தபோது இன்னொரு படி தாண்டியது. பெயர் கே.ஜி., ஆனால் மூன்றரை வயதுக்கு நாலு கோடு நோட்டு, வீட்டுப்பாடம், சேர்க்கைக்கு முன் நேர்காணல். விளையாட்டுப் பொருட்கள் சில பள்ளிகளில் உண்டுதான், கண்ணாடி அலமாரிக்குள், பெற்றோர் பார்ப்பதற்காக!

ஆனாலும் இந்த மண்ணுக்கு வந்த எல்லாமே அப்படி ஆகிவிடவில்லை. சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறை அதிகாரியாக இருந்த டி. சுந்தர ராவ் என்பவர் 1893-இல் சென்னையில் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். காகிதம் மடித்து வடிவியல் கற்பது எப்படி என்பதுதான் பொருள். எங்கிருந்து இந்த யோசனை வந்தது என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். கிண்டர்கார்டன் பரிசு எண் எட்டு! ஃப்ரோபெலுக்குப் பின் கைவேலைப் பொருட்களுக்கும் எண் போட்டு விற்றார்கள். வண்ணச் சதுரக் காகிதங்கள் 200 கொண்ட மடிப்புப் பெட்டி அந்த வரிசையில் எட்டாவது. குழந்தைகள் படகும் பறவையும் மடிக்கும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, ஒழுங்கற்ற ஒரு துண்டிலிருந்து சதுரம் எடுப்பதில் ஆரம்பித்து, ஐங்கோணம், தொடர் வரிசைகள் என்று போய்ப் பரவளையம் வரை செல்கிறார் சுந்தர ராவ். காம்பஸ் வேண்டாம், பாகைமானி வேண்டாம், ஒரு பேனாக்கத்தியும் காகிதத் துண்டுகளும் போதும்.

அதில் வரும் சமபக்க முக்கோணத்தை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு சதுரத் தாளை இடது ஓரமும் வலது ஓரமும் சேரும்படி இரண்டாக மடித்துப் பிரியுங்கள். நடுவில் நெட்டுக்கு ஒரு கோடு விழுந்திருக்கும். இடது கீழ் மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, வலது கீழ் மூலை அந்த நடுக்கோட்டின் மேல் எங்கே வந்து தொடுகிறது என்று மடித்துப் பார்த்துப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் மடிப்புப் போட்டால் சமபக்க முக்கோணம். ஏன் மூன்று பக்கமும் சமம்? கீழ் ஓரம்தான் அப்படியே சாய்ந்து இடது பக்கமாக ஆகியிருக்கிறது. நடுக்கோட்டின் மேல் உள்ள புள்ளி இரண்டு மூலைக்கும் ஒரே தூரம் என்பதால் வலது பக்கமும் அதே நீளம். நிரூபணம் முடிந்தது, அதுவும் கையிலேயே!

ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்து அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் பதிப்பாசிரியர்களாக இருந்து 1901-இல் சிகாகோவில் வெளியிட்டார்கள். பிரஷ்ய அரசு பயந்து துரத்திய ஒரு விளையாட்டுப் பொருள், சென்னை வழியாகச் சுற்றி, கணித நூலாகத் திரும்பவும் ஜெர்மானியர் கைக்குப் போயிருக்கிறது. 1966-இல் நியூயார்க்கில் மறுபடியும் அச்சானது. இப்போது காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் பழைய நடை, ஆனால் படங்களைப் பார்த்தே மடித்துவிடலாம். தாளுக்குப் பழைய மாதக் காலண்டர் நன்றாக இருக்கும்.